நைனாவுக்குப் பேச்சு வராது என்று சொல்லிவைத்திருந்தோம்

எங்கள் எம்.ஏ. மானுடவியல் படிப்பில் மொழி மானுடவியலையும் ஒரு பேப்பராகச் சேர்க்கலாமா என்று வகுப்பில் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவள் நான்தான். அதுவரை திருப்பதியில் அந்தப் பல்கலைக்கழகத்தில் நாங்கள் மண்டை ஓட்டின் நீள அகலத்தை அளந்துகொண்டிருந்தோம். விரல் ரேகை எடுத்தோம். மலையடிவாரத்துப் பழங்குடி ஊர்களுக்கு வேனில் போய், கல்யாணத்தில் யார் யாருக்குச் சீர் செய்வார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தோம். பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் அந்தப் படிப்புக்கும் எனக்கும் ஏதாவது சம்பந்தம் இருப்பதாக ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த வருடம் புதிதாக ஒரு மேடம் வந்திருந்தார். ஹைதராபாத்தில் படித்தவர். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார். மூன்றாவது செமஸ்டரில் விருப்பப் பாடமாக இந்தப் பேப்பரைக் கொண்டுவர அவர்தான் முட்டி மோதிக்கொண்டிருந்தார். துறைத் தலைவருக்கு அதில் இஷ்டமில்லை. இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று எங்கள் முன்னாலேயே மேடத்தைக் கேட்டார். போதுமான பிள்ளைகள் சேர்ந்தால் பார்க்கலாம் என்று கடைசியில் பந்தை எங்கள் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

மேடம் எங்களுக்கு விளக்கினார். ஒரே ஆள் வீட்டில் ஒரு மாதிரி, ஆபீஸில் ஒரு மாதிரி, கோயிலில் ஒரு மாதிரி பேசுகிறான். யாரிடம் எந்த மொழியைப் பேசுகிறான், யாரைக் கண்டால் மொழியை மாற்றுகிறான், எங்கே வாயை மூடிக்கொள்கிறான், ஏன்? இதுதான் பாடம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தி தெரிந்த நாளிலிருந்து நான் செய்துகொண்டிருந்த வேலைக்கு எம்.ஏ.வில் ஒரு பேப்பர் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்த என் தோழி, கர்நாடக எல்லையில் இருக்கும் குப்பம் என்ற ஊரிலிருந்து வந்த குப்பத்துக்காரி, நான் தூக்கியதைப் பார்த்துத் தானும் தூக்கினாள். பிறகு இன்னும் சிலர். பேப்பர் வந்துவிட்டது.

நான் ஏன் சிரித்தேன் என்று சொல்ல வேண்டும். திருப்பதியில் வாடகைக்கு வீடு தேடிப்போனால் யாரும் முகத்துக்கு நேரே சாதியைக் கேட்க மாட்டார்கள். நாகரிகம் தெரிந்த ஊர். "இண்ட்லோ ஏம் மாட்லாடுதாரம்மா?" என்று கேட்பார்கள். வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று அர்த்தம். கேட்கும்போது முகத்தில் சிரிப்புகூட இருக்கும். தமிழ் என்று சொன்னால் அடுத்தது, எந்த ஊர்? எல்லைப் பக்கத்துக் கிராமம் என்று சொன்னால் அடுத்தது, ஊரில் எந்தத் தெரு? எங்கள் ஊர் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில். எங்கள் வீடு ஊருக்குள் எந்தத் தெருவிலும் இல்லை, காலனியில் இருக்கிறது. இந்த மூன்றாவது கேள்விக்குப் போகாமல் இருப்பதற்காக முதல் கேள்வியிலேயே "தெலுகேனம்மா" என்று சொல்லிவிட வேண்டும். தெலுங்குதான். சித்தூர் டவுன். எங்க வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர். இந்த மூன்றையும் அம்மா மூச்சு விடாமல் ஒன்றாகச் சொல்வாள்.

நைனா, என் அப்பா, இருந்தவரைக்கும் இந்த வேலையை அவரே பார்த்துக்கொண்டார். இருந்தவரைக்கும் என்றால் சரியாக இருந்தவரைக்கும். சித்தூர் டெப்போவில் வருடக்கணக்காக வண்டி ஓட்டியவர், அவருடைய தெலுங்கில் ஒருவரும் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. கண்டக்டரோடு சண்டை, பயணிகளோடு கிண்டல், செக்கிங் ஆபீசரிடம் சமாளிப்பு எல்லாம் தெலுங்கில்தான். வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றியதும் தமிழ். பிறகு ஒருநாள் டெப்போவிலேயே விழுந்தார். மூளையில் ரத்தக்கட்டு. வலது கையும் வலது காலும் போயின. கூடவே தெலுங்கும் போய்விட்டது, பேசவும் வரவில்லை, கேட்டாலும் புரியவில்லை.

இதை முதலில் நாங்கள் நம்பவில்லை. சித்தூரில் பார்க்க வந்த டெப்போ ஆட்கள் தெலுங்கில் பேசினார்கள். நைனா வாயைத் திறந்தார், உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. அவர்கள் போன பிறகு அம்மாவிடம், "தண்ணி குடும்மே" என்றார். கோணிக்கொண்டுதான் வந்தது, ஆனால் வந்தது. இரண்டு மொழி தெரிந்தவர்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும், சின்ன வயதில் முதலில் பேசியது மட்டும் தங்கும் என்று டாக்டர் சொன்னார். அவருக்கு அது ஒரு விவரம். எங்களுக்கு அது தலையில் இறங்கிய இடி. நைனாவிடம் மிஞ்சியிருந்தது காலனித் தமிழ் மட்டும்தான்.

வைத்தியத்துக்குத் திருப்பதிக்கு வந்தோம். எனக்கும் அங்கே சீட் கிடைத்திருந்தது. அலிபிரிக்குப் போகும் ரோட்டுக்கு உள்ளே ஒரு தெருவில் வீடு. தரைத்தளம், படி இல்லை, ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் நீளமான சந்து ஒன்று இருந்தது. நைனா இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்தில் காலை இழுத்து இழுத்து நடந்து பழகினார். மாடியில் வீட்டுக்காரர்கள். கோயில் கைங்கரியக் குடும்பம். ஐயா முறை வரும்போது மலைக்குப் போய்விடுவார், அந்த வீட்டு அம்மாதான் வீட்டைப் பார்த்துக்கொள்வார். அவர்கள் வீட்டுக்குள் பேசுவதும் தமிழ்தான், மாடியிலிருந்து காதில் விழும். ஆனால் அந்த அம்மா எங்களிடம் தெலுங்கில் பேசினார். நாங்களும் அவரிடம் தெலுங்கில் பேசினோம். மேலேயும் தமிழ், கீழேயும் தமிழ், நடுவில் படிக்கட்டில் மட்டும் தெலுங்கு. எதற்கு இந்தக் கூத்து என்று நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

நைனாவை என்ன செய்வது? குடிவந்த அன்றைக்கே என் அம்மா ஒரு முடிவு எடுத்து, என்னிடம்கூடக் கேட்காமல், மாடி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "ஆயனக்கு மாட்டலு ராவம்மா." அவருக்குப் பேச்சு வராது. அதற்குப் பிறகு நைனா பேசும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டினோம். சந்தில் நடக்கும்போது நான் கூடவே நடந்து, அவர் வாயைத் திறந்தால் "ஷ்" என்றேன். அவருக்குப் புரிந்ததா, ரோஷம் வந்ததா என்று தெரியாது. பெரும்பாலும் அடங்கிவிடுவார். பேச்சுப் பயிற்சிக்காரர் வீட்டில் நிறையப் பேசவிடுங்கள் என்று சொல்லியனுப்பினார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்து ஜன்னலைச் சாத்தினோம்.

புதுப் பேப்பர் தொடங்கியது. நன்றாகவே போனது. எனக்கு வகுப்பு முடிந்து வெளியே வர மனசே இருக்காது. செமஸ்டர் நடுவில் மேடம் களப்பணி கொடுத்தார். அவரவர் வீட்டுப் பேச்சு அவரவர் காதில் விழாது, அதனால் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் வீட்டில் மற்றவர் பதிவு செய்ய வேண்டும். பிறகு அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி, பேசியவரைத் தெரியாத, அதே மொழி பேசும் ஒரு வெளியாளிடம் போட்டுக்காட்ட வேண்டும். பெயரைச் சொல்லக் கூடாது. இவர் யாராக இருப்பார், என்ன வேலை செய்வார், உங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கே உட்காரவைப்பீர்கள் என்று கேட்டு, அந்தப் பதிலையும் பதிவு செய்ய வேண்டும். குரலை வைத்தே ஜனங்கள் ஆளை எடைபோடுவது இப்படிப் பிடிபடும் என்றார் மேடம். பெயர் சொல்லாவிட்டால் யாருக்கும் பாதகமில்லை என்று புத்தகத்தில் இருக்கிறது.

என் ஜோடி குப்பத்துக்காரி. அவள் ஹாஸ்டல், அதனால் என் வீடுதான். அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். "ஊட்ல நடக்கறத எதுக்குடி வெளிய காட்ற? படிப்பா அது?" என்றாள். நான் கேட்கவில்லை. நைனா எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு மனுஷரிடம் பேசி எவ்வளவு நாளாயிற்று! டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நைனா பேசினார். குப்பத்துக்காரி தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் கலந்து பேசுகிற ஊரில் வளர்ந்தவள். ஆளைப் பார்த்ததும் அவர் மொழிக்குத் தாவிவிடுவாள். அதில் ஒரு கூச்சமும் கிடையாது. "பஸ்ஸு ஓட்டுனது ஞாபகம் கீதா மாமா?" என்றாள். நைனாவுக்கு முகமெல்லாம் பல். "ஓட்டிக்கினு போவேன்... நகரி... புத்தூரு... நிக்க எடம் இருக்காது... ஏறு ஏறுன்னு சொல்லிக்கினே இருப்பேன்..." வார்த்தைக்கு வார்த்தை நின்று, எச்சில் வழிய, துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார். அம்மா நடுவில் வந்து, "மெதுவா பேசு, பொற ஏறிக்கும்" என்றாள். எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. இந்தப் பேப்பரைக் கொண்டுவந்ததற்கு மேடத்தின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்று நினைத்தேன்.

நான் அவளுக்கு டிபன் வாங்கிவர முக்கு ஹோட்டலுக்குப் போயிருந்தேன். அந்த இடைவெளியில் அவள் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பேசியவரைத் தெரியாத, தமிழ் பேசுகிற ஒரு வெளியாள் வேண்டுமென்று மேடம் சொல்லியிருந்தார். மாடியில் தமிழ் பேசும் குரல் கேட்டிருக்கிறது. கீழே இருப்பவரின் குரலை மேலே இருப்பவர் கேட்டே இருக்க மாட்டார் என்று நான்தானே அவளிடம் சொல்லியிருந்தேன். பிறகென்ன? அவள் ஊரில் நீ என்ன மொழி என்று கேட்பது சாப்பிட்டாயா என்று கேட்பதைப் போல. அதில் கத்தி இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளை நான் இன்றுவரை திட்டவில்லை. திட்டினால் எனக்கு ஆறாது.

நான் பொட்டலத்தோடு வந்தபோது அவள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. போனை என்னிடம் கொடுத்தாள். கேட்டேன். நைனாவின் குரல், நிக்க எடம் இருக்காது. அம்மாவின் குரல், மெதுவா பேசு. பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு மாடி அம்மா, தமிழில், "இது கீழ இருக்கறவா குரலாச்சே" என்கிறார். பேர் சொல்லக்கூடாது ஆன்ட்டி என்று இவள் தடுமாறுகிறாள். "பேச்சே வராதுன்னா சொன்னா..." என்கிறார் அந்த அம்மா. இன்னும் கொஞ்சம் மின்விசிறி. இந்த முட்டாள் பெண் பயத்தில், பட்டியலில் அடுத்து இருந்த கேள்வியைக் கேட்டுவிடுகிறாள். இப்படிப் பேசறவங்க உங்க வீட்டுக்கு வந்தா எங்க உக்கார வைப்பீங்க? ஒரு சின்னச் சிரிப்பு கேட்கிறது. "வாசலோட பேசி அனுப்பிடுவோம். போதும்மா, நிறுத்து."

கோபமான குரல் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஒருவேளை அந்த அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கலாம் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஒரே கட்டிடம், டிவி சத்தம் எத்தனை நாளைக்கு மறைக்கும்? தெரிந்தும் தெரியாததுபோல இருந்திருப்பார், யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரை அவருக்கும் வாடகைக்கு ஆள் இருந்தது, எங்களுக்கும் வீடு இருந்தது. இப்போது அவர் வீட்டுக் கூடத்திலேயே வைத்துக் கேள்வியாகக் கேட்டாகிவிட்டது, அவர் வாயாலேயே பதிலும் சொல்லியாகிவிட்டது. இனிமேல் எப்படித் தெரியாததுபோல இருப்பார்?

வெள்ளிக்கிழமை காலை அவர் இறங்கி வந்தார். நைனா சந்தில் நடந்து முடித்து, வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா வாசல்படிக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல் நின்றார். அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து, "ரண்டம்மா, ரண்டி" என்று தெலுங்கில் உள்ளே கூப்பிட்டாள்.

அவர் தமிழில் பேசினார். எங்களிடம் அவர் பேசிய முதல் தமிழ் அதுதான்.

"தப்பா எடுத்துக்கப்படாது. என் தம்பி பையன் இங்க படிக்க வரான். கீழ் போர்ஷன் எங்களுக்கே வேண்டியிருக்கு. இந்த மாசத்தோட காலி பண்ணிக் குடுத்துடுங்கோ."

அம்மாவுக்கு அவர் சொன்னதைவிட, அதைத் தமிழில் சொன்னதுதான் உறைத்தது. அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. அப்போதும், பாவி, தெலுங்கிலேயே பதில் சொல்லப் பார்த்தாள். ஆயன நடவலேரு, அவரால் நடக்க முடியாது, படி ஏற முடியாது என்று ஆரம்பித்தாள், பாதியில் நின்றாள்.

நைனா நிமிர்ந்தார். அந்த அம்மா மளமளவென்று சொன்ன விஷயம் அவருக்கு எட்டவில்லை. கட்டிக்கொண்ட பெண்டாட்டியும் பெற்ற பெண்ணும் தவிர, அந்தக் குப்பத்துப் பெண்ணும் தவிர, இன்னொரு மனுஷி அவருக்குப் புரிகிற பேச்சில் பேசுகிறாள் என்பது மட்டும்தான் எட்டியது. வாயெல்லாம் சிரிப்பு. இடது கையால் நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"வாம்மா... குந்து. நின்னுக்கினே பேசுறியே. இட்லி கீது... துன்னுட்டுப் போ."

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. ஸ்டூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "மாசக் கடைசி, மறந்துடாதே" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். நைனா அவர் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும்மே அது? நம்ம பக்கமா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அடுப்பை அணைக்கப் போனாள்.

அடுத்த வாரம் வகுப்பில் எல்லோரும் தங்கள் பதிவுகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. குப்பத்துக்காரி கொடுக்க மாட்டேன் என்றாள். நான்தான் கொடு என்றேன். மறைத்தது போதும் என்றிருந்தது எனக்கு. மேடம் வகுப்பில் போட்டார். வாசலோட பேசி அனுப்பிடுவோம் என்று வந்த இடத்தில் அவர் நிறுத்தி, தமிழ் தெரியாதவர்களுக்கு என்னைத் தெலுங்கில் சொல்லச் சொன்னார். சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். இதைவிட நல்ல டேட்டா கிடைக்காது என்றார் மேடம். பேசியவர் யார் என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். பெயர் சொல்லக் கூடாது என்று அவரே அவனை அடக்கினார். எங்க நைனா என்று நான் எழுந்து சொன்னேன்.

மேடம் நல்லவர். அன்று சாயங்காலம் தன் அறைக்குக் கூப்பிட்டு, என்னால்தானே என்று கண் கலங்கினார். வீட்டுக்கார அம்மாவிடம் தான் வந்து பேசட்டுமா என்றார். எந்த மொழியில் பேசுவீர்கள் மேடம் என்று கேட்டேன். வாய்த்துடுக்கு எனக்கு எப்போதும் உண்டு. அடுத்த வருடத்திலிருந்து அவர் அந்தப் பயிற்சியை எடுத்துவிட்டார். பேப்பர் மட்டும் இருக்கிறது. இப்போது நிறையப் பேர் சேருகிறார்களாம்.

வீடு தேடினோம். அலிபிரிப் பக்கம் ஒன்றும் படியவில்லை. ரேணிகுண்டா ரோட்டில் ஒரு வீடு இருக்கிறது என்று புரோக்கர் சொன்னார். மேல்மாடிதான், படி உண்டு, வேறு வழியில்லை. நைனாவை வீட்டில் தனியாக விட முடியாது, அதனால் அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். அம்மா இறங்கிப்போய் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று வீட்டுக்காரரோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். நான் நைனாவோடு ஆட்டோவில் இருந்தேன். வீட்டுக்காரர் அடிக்கடி எங்கள் பக்கம் பார்த்தார்.

நைனா நெளிந்தார். ஒன்றுக்கு வருகிறது போல. வாயைத் திறந்து, "யம்மே..." என்று அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தார். நான் அவர் வாயைப் பொத்தினேன். மெதுவாகத்தான் பொத்தினேன் என்று சொல்ல ஆசை, ஆனால் பலமாகவே பொத்தினேன். அவர் கையைத் தட்டிவிடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மூச்சு என் உள்ளங்கையில் சூடாகப் பட்டது. சீட் நனைந்தது. அம்மா திரும்பி, சரி என்று தலையாட்டும்வரை நான் கையை எடுக்கவில்லை.

அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறோம். அக்கம்பக்கத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை, டிவி சத்தத்தைக் கூட்ட வேண்டிய தேவையும் இல்லை. நானே பக்கத்தில் உட்கார்ந்து, கதவெல்லாம் சாத்தியிருக்கிறது, பேசு நைனா என்கிறேன். தண்ணீர் வேண்டுமென்றாலும் அவர் டம்ளரைத்தான் காட்டுகிறார்.